கணினி கேள்வி–பதில்: குடிபெயர்ந்த கணினியில் விசைப்பலகை இயங்காதபோது

இம்முறை வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள் ஒரே சிக்கலைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. பழைய கணினியின் வன்தட்டை அப்படியே படியெடுத்து, புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினியாக ஓட்டத் தொடங்கியதும் விசைப்பலகை முழுமையாகவோ பாதியாகவோ இயங்காமல் போவதே அந்தச் சிக்கல். எனவே வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன். கீழே ‘ஹோஸ்ட்’ என்பது மேசைமேல் இருக்கும் புதிய கணினியையும், ‘கெஸ்ட்’ என்பது அதற்குள் மென்பொருளாக ஓடும் பழைய கணினியையும் குறிக்கும். வர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் ஆகியவை கெஸ்டை ஓட்டும் மென்பொருள்கள். கோப்புகள், கட்டளைகள் ஆகியவற்றின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே உள்ளிட வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்த திருமண அழைப்பிதழ்களும் கோயில் விழாப் பத்திரிகைகளும் ஒரு விண்டோஸ் 7 கணினியில் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளாக இருக்கின்றன. மதர்போர்டு அடிக்கடி நின்றுபோனதால், டிஸ்க்2விஹெச்டி என்ற படியெடுப்பு மென்பொருளைக் கொண்டு வன்தட்டைப் படியெடுத்து, புதிய விண்டோஸ் 11 கணினியில் வர்ச்சுவல்பாக்ஸ் வழியாக ஓட்டுகிறேன். விண்டோஸ் 7 எழுந்து கடவுச்சொல் கேட்கிறது. சுட்டி (மவுஸ்) நன்றாக நகர்கிறது. ஆனால் ஒரு விசைகூட ஏறவில்லை. விண்டோஸை மறுபடி நிறுவினால் பழைய மென்பொருள்கள் எல்லாம் போய்விடுமே என்று அஞ்சுகிறேன்.
— அச்சக உரிமையாளர், கும்பகோணம்

பதில்: மறுபடி நிறுவ வேண்டாம். உங்கள் கோப்புகளும் மென்பொருள்களும் நலமாக இருக்கின்றன என்பதற்கு விண்டோஸ் எழுந்து நிற்பதே சான்று. விசை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு மதிப்பைத் திருத்துவதோடு வேலை முடிந்துவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதுதான் ஆபத்து.

நீங்கள் அழுத்தும் விசை எழுத்தாக மாறுவதற்குள் பல கைகள் மாறுகிறது. முதலில் அதை ஹோஸ்ட் கணினி பெறுகிறது. அதனிடமிருந்து வர்ச்சுவல்பாக்ஸ் பறித்துக்கொண்டு, கெஸ்டுக்குள் இருப்பதாகப் பாவனை செய்யும் ஒரு பழைய விசைப்பலகைக் கட்டுப்படுத்தியிடம் கொடுக்கிறது. 1984இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியில் இந்த வேலையைச் செய்தது இன்டெலின் 8042 என்ற சில்லு. இன்றைய மெய்நிகர் கணினிகளும் அதே சில்லைத்தான் நடித்துக் காட்டுகின்றன. கெஸ்டுக்குள் இருக்கும் விண்டோஸில், அந்தச் சில்லோடு பேசும் இயக்கியின் (டிரைவர் என்னும் இணைப்பு மென்பொருளின்) பெயர் ‘ஐ8042பிஆர்டி’. அது தான் பெற்றதை ‘கேபிடிகிளாஸ்’ என்ற பொது இயக்கியிடம் ஒப்படைக்கிறது. அதற்கு மேலேதான் மொழித் தளவமைப்பும், உங்கள் பேஜ்மேக்கரும் வருகின்றன.

இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டிப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மெய்நிகர் கணினியைத் தொடங்கியவுடன், சாளரத்துக்குள் ஒருமுறை சொடுக்கிவிட்டு, வர்ச்சுவல்பாக்ஸின் முத்திரை தெரியும்போதே எஃப்12 விசையை அழுத்துங்கள். தொடக்கச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வந்தால், ஹோஸ்ட், வர்ச்சுவல்பாக்ஸ், நடிக்கப்படும் சில்லு ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றன. குறை விண்டோஸ் 7இன் உள்ளே இருக்கிறது. அடுத்து எஃப்8 அழுத்தி, பாதுகாப்பு முறைக்கான பட்டியல் வருகிறதா, அதில் அம்புக்குறிகள் நகர்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டிலும் எதுவுமே நடக்கவில்லை என்றால் மட்டுமே வர்ச்சுவல்பாக்ஸின் அமைப்புகளையும் ஹோஸ்டையும் சந்தேகிக்க வேண்டும். உங்கள் விவரிப்பைப் படித்தால், இரண்டு பட்டியல்களும் வரும் என்றே நினைக்கிறேன்.

அப்படி நினைப்பதற்குச் சுட்டி காரணம். சுட்டி இயங்குகிறது, விசைப்பலகை மட்டும் இயங்கவில்லை என்பது பலரையும் குழப்பும். வர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாகச் சுட்டியை யூஎஸ்பி சாதனமாகவும், விசைப்பலகையை 8042 சில்லின் வழியே வரும் பழைய பிஎஸ்/2 சாதனமாகவும் கெஸ்டுக்குக் காட்டுகிறது. எனவே அவை இரண்டும் வெவ்வேறு வழியில் உள்ளே வருகின்றன. யூஎஸ்பி வழி திறந்திருக்கிறது. பிஎஸ்/2 வழி அடைபட்டிருக்கிறது. உங்கள் பழைய கணினியில் யூஎஸ்பி விசைப்பலகை இருந்திருந்தால், பிஎஸ்/2 இயக்கி முடங்கிக் கிடந்ததை அங்கே யாரும் கவனித்திருக்க வாய்ப்பே இல்லை.

இனி உள்ளே நுழைய வேண்டும். விண்டோஸ் 7இன் நுழைவுத் திரையில், இடது கீழ் மூலையில் அணுகல் வசதிகளுக்கான ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அதைச் சொடுக்கி, விசைப்பலகை இல்லாமல் தட்டச்சு செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், திரையிலேயே ஒரு விசைப்பலகை தோன்றும். அது இயக்கிகளைத் தொடாமல் மேலிருந்தே எழுத்துகளை ஊட்டுவதால், கீழே எது பழுதுபட்டிருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். கடவுச்சொல்லைச் சுட்டியால் சொடுக்கி நுழைந்துவிடுங்கள். எதையும் திருத்துவதற்கு முன், மெய்நிகர் கணினியை ஒருமுறை முறையாக நிறுத்தி, விஹெச்டி கோப்பை (பழைய வன்தட்டின் படி அடங்கிய கோப்பை) வேறொரு தட்டில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு உழைப்பு அந்த ஒரு கோப்பில் இருக்கிறது. அதற்காக அரை மணி நேரம் காத்திருப்பது பெரிதல்ல.

நுழைந்ததும், சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் விசைப்பலகைகள் என்ற பிரிவை விரியுங்கள். அங்கே மஞ்சள் குறியோடோ கீழ்நோக்கிய அம்புக்குறியோடோ ஒரு விசைப்பலகை இருந்தால், அதன் பண்புகளில் ஒரு பிழை எண் இருக்கும். 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள். வலச்சொடுக்கில் இயக்கினால் போதும். 39 என்றால் இயக்கியை ஏற்ற முடியவில்லை. 19 என்றால் விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் குறிப்பு குறைபட்டிருக்கிறது. இந்த இரண்டு எண்களும் பெரும்பாலும் ஒரே குற்றவாளியைச் சுட்டுகின்றன. அதற்கு வருவதற்கு முன் இயக்கியையே பார்த்துவிடுவோம்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், ஐ8042பிஆர்டி என்ற வரிசையில் செல்லுங்கள். அங்கே ‘ஸ்டார்ட்’ என்ற மதிப்பு 4 என்று இருந்தால், இயக்கி முற்றிலும் முடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை 1 என்று மாற்றினால், விண்டோஸ் தொடங்கும்போதே இயக்கி ஏறும். மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

அந்த மதிப்பு சரியாக இருந்தும் விசை ஏறவில்லை என்றால், முன்பு சொன்ன குற்றவாளியைத் தேட வேண்டும். அதே கரன்ட்கன்ட்ரோல்செட்டின் கீழ் கன்ட்ரோல், அதன் கீழ் கிளாஸ் என்று சென்று, ‘4டி36இ96பி’ என்று தொடங்கும் நீண்ட அடையாளத்தைத் திறங்கள். அது விசைப்பலகை வகைக்கு உரியது. அங்கே ‘அப்பர்ஃபில்டர்ஸ்’ என்ற மதிப்பில் ‘கேபிடிகிளாஸ்’ என்ற ஒரு வரி மட்டும் இருப்பதே இயல்பு. பழைய கணினியில் சிறப்பு விசைகளுக்கான மென்பொருள், தட்டச்சுக் கண்காணிப்பு மென்பொருள் போன்ற ஏதேனும் இருந்திருந்தால், அது தன் இயக்கியின் பெயரையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கும். தன் சாதனத்தைக் காணாமலோ, தன் கோப்பு இல்லாமலோ அந்த இயக்கி ஏறத் தவறினால், விசைப்பலகை முழுவதையும் அது தன்னோடு சேர்த்து நிறுத்திவிடுகிறது. அந்த வேண்டாத பெயரை மட்டும் நீக்குங்கள். ‘கேபிடிகிளாஸ்’ என்ற வரியை எக்காரணம் கொண்டும் நீக்கிவிடாதீர்கள். அது போனால் எந்த விசைப்பலகையும் இயங்காது.

இரண்டில் எது காரணம் என்று முன்கூட்டியே அறியவும் ஒரு வழி உண்டு. மெய்நிகர் கணினி நின்றிருக்கும்போது, ஹோஸ்டின் கட்டளைச் சாளரத்தில் ‘விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைவிஎம்’ கட்டளையால் விசைப்பலகையின் வகையை யூஎஸ்பி என்று மாற்றலாம். இப்போது விசை 8042 வழியைத் தவிர்த்து, சுட்டி வரும் யூஎஸ்பி வழியில் வரும். ஆனால் மேலே கேபிடிகிளாஸைக் கடந்தே ஆக வேண்டும். ஆகவே யூஎஸ்பி என்று மாற்றியதும் தட்டச்சு ஏறினால் குறை ஐ8042பிஆர்டியில் இருக்கிறது. அப்போதும் ஏறாவிட்டால் அப்பர்ஃபில்டர்ஸ் பட்டியலில் இருக்கிறது. அவசர வேலை கையில் இருந்தால், யூஎஸ்பி வகையிலேயே வைத்துக்கொண்டு அழைப்பிதழை முடித்துவிட்டு, பிறகு நிதானமாகப் பழுது பார்க்கலாம்.

சிலருக்குத் திரை விசைப்பலகையாலும் உள்ளே நுழைய முடியாது. அவர்கள் விஹெச்டியின் படியை ஹோஸ்ட் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் இணைத்து, ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து, ‘லோட் ஹைவ்’ வழியாகப் பழைய விண்டோஸின் சிஸ்டம்32 அடைவில் கன்ஃபிக் என்பதற்குள் இருக்கும் ‘சிஸ்டம்’ கோப்பை ஏற்றித் திருத்தலாம். அங்கே கரன்ட்கன்ட்ரோல்செட் என்ற பெயர் இருக்காது. ‘செலக்ட்’ என்பதன் கீழ் ‘கரன்ட்’ மதிப்பு 1 என்று இருந்தால் கன்ட்ரோல்செட்001 என்பதில் திருத்த வேண்டும். முடிந்ததும் ஹைவை (ஏற்றிய ரெஜிஸ்ட்ரிக் கோப்பை) இறக்கி, தட்டைப் பிரித்த பிறகே மெய்நிகர் கணினியைத் தொடங்க வேண்டும். ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) எடுத்து வைத்திருக்கும் மெய்நிகர் கணினியின் அடித்தட்டை இப்படித் தனியாக இணைத்து எழுதவே கூடாது. அடித்தட்டு மாறினால் அதன்மேல் கட்டப்பட்ட ஸ்னாப்ஷாட்டுகள் அனைத்தும் பொருளிழந்துவிடும்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு முடிந்துவிட்டது. அழைப்பிதழ் வேலைக்கு இணையம் தேவையில்லை என்பதால், கெஸ்டின் வலையமைப்பு அட்டையை நீக்கிவிடுமாறு உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம். நான் பாடசாலை ஆசிரியை. பல வருட வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இருந்தன. அதை விஎம்வேர் மெய்நிகர் கணினியாக மாற்றித் தந்தார்கள். இப்போது தட்டச்சு செய்தால் சில வேளை ஆங்கில எழுத்துகள் வருகின்றன. தமிழ் வரும்போதும் ‘ஷ’ போன்ற எழுத்துகள் வருவதில்லை. வெளியே, புதிய கணினியில், தமிழ்த் தட்டச்சு மென்பொருளான இ-கலப்பையில் தமிழை இயக்கிவிட்டு உள்ளே தட்டச்சு செய்தாலும் யுனிகோட் தமிழ் ஏறுவதில்லை. விசைப்பலகையை மாற்ற வேண்டுமா?
— ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: விசைப்பலகையை மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிக் குறைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதே.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், கணினியைப் பொறுத்தவரை தமிழ் என்று எதுவும் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘தமிழ்’ என்று எழுத நீங்கள் அழுத்துபவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகள். எனவே கெஸ்டுக்குள் நோட்பேடைத் திறந்து, சாதாரண ஆங்கில எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வழக்கம்போல் தட்டுங்கள். அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளும் வரிசை மாறாமல் வந்தால், விரலிலிருந்து நோட்பேடு வரை எல்லாம் சரி. அதன் பிறகும் வினாத்தாளில் ஆங்கிலம் தெரிந்தால், அங்கே எழுத்துரு இல்லை, அல்லது அந்தப் பத்தியில் எழுத்துரு தேர்ந்தெடுக்கப்படவில்லை. கெஸ்டின் எழுத்துரு அடைவில் பாமினி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் பழைய கணினியிலிருந்து படியெடுத்துப் போடுங்கள். ஹோஸ்டில் அந்த எழுத்துரு இருப்பதால் கெஸ்டுக்குப் பயன் ஏதும் இல்லை.

‘ஷ’ வராததற்குக் காரணம் வேறு. பாமினியில் அது பின்சாய்கோட்டு விசையில் இருக்கிறது. அமெரிக்க ஆங்கிலத் தளவமைப்பில் அந்தக் கோடு என்டர் விசைக்கு அருகில் வரும்; பிரித்தானிய ஆங்கிலத் தளவமைப்பிலோ அதே இடத்தில் வேறு குறி வரும், பின்சாய்கோடு இடது ஷிஃப்ட் அருகிலுள்ள கூடுதல் விசைக்குப் போய்விடும். அமெரிக்க வகை விசைப்பலகைகளில் அந்தக் கூடுதல் விசையே இராது. கெஸ்டில் பிரித்தானிய ஆங்கிலம் இயல்பாக அமைந்திருக்கிறது என்று இதிலிருந்து கணிக்கிறேன். கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குச் சென்று, அமெரிக்க ஆங்கிலத்தைச் சேர்த்து, அதை இயல்பாக்குங்கள். எழுத்துரு வழித் தமிழில் ஆங்கிலத் தளவமைப்பு ஓர் இடத்தில் பிசகினால், ஒரு தமிழெழுத்தே காணாமல் போகிறது. ஆங்கிலம் மட்டும் எழுதுபவர்கள் இதைக் கவனிக்காமலே பல வருடம் கடத்திவிடுவார்கள்.

மூன்றாவது, இ-கலப்பை. விஎம்வேர் போன்ற மென்பொருள்கள் ‘இந்த எழுத்து’ என்று கெஸ்டுக்குச் சொல்வதில்லை. ‘இந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது’ என்று மட்டுமே சொல்கின்றன. அந்த இடத்துக்கு எழுத்தைத் தீர்மானிப்பது கெஸ்டின் பொறுப்பு. ஆகவே வெளியே இ-கலப்பையோ, என்ஹெச்எம் ரைட்டரோ, விண்டோஸின் தமிழ்99 தளவமைப்போ இயங்கினாலும், அவை உருவாக்கும் தமிழ் எழுத்து உள்ளே போகாது. கெஸ்டுக்குள் யுனிகோட் தமிழ் வேண்டுமானால், எக்ஸ்பியில் இயங்கக்கூடிய பழைய பதிப்பு ஒன்றை கெஸ்டுக்குள்ளேயே நிறுவ வேண்டும். உள்ளே வேலை செய்யும்போது வெளியே மொழியை ஆங்கிலத்தில் வைத்திருங்கள். இரண்டு பக்கமும் தமிழ் இயங்கினால், எந்த விசையை யார் பிடித்தார்கள் என்று தெரியாமல் எழுத்துகள் விடுபடக்கூடும்.

யூஎஸ்பி பூட்டுச் சாதனம் கேட்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. அந்தப் பூட்டை ஹோஸ்டில் செருகினால் மட்டும் போதாது. மெய்நிகர் கணினியின் சாதனப் பட்டியலில் அதைக் கெஸ்டுக்கு மாற்றிவிட வேண்டும். பூட்டைக் காணாத மென்பொருள், தமிழாக்காமல் விசைகளை அப்படியே விட்டுவிடும். பார்ப்பவர்கள் விசைப்பலகை பழுது என்று எண்ணிக்கொள்வார்கள்.

உங்கள் வினாத்தாள்களை இத்தனை காலம் காத்து வைத்திருப்பது பெரிய காரியம். தட்டச்சு சீரானதும், வேண்டிய வினாத்தாள்களின் உரையைப் பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றி ஒரு படி வைத்துக்கொண்டால், அவற்றைத் தேடவும் மாணவர்களுக்குக் கைபேசியில் அனுப்பவும் முடியும்.

கேள்வி: எங்கள் அலுவலகச் சேவையகத்தை விஎம்வேருக்கு மாற்றிய பிறகு, வீட்டிலிருந்து அதன் கன்சோலில் (அதன் திரையைத் தொலைவில் காட்டும் சாளரத்தில்) தட்டச்சு செய்தால் ஓரெழுத்து மூன்று, நான்காக விழுகிறது. கடவுச்சொல் தவறி, கணக்கு இரண்டு முறை பூட்டிக்கொண்டது. அலுவலகத்தில் இருந்து செய்தால் இந்தத் தொல்லை இல்லை.
— கணினிப் பராமரிப்பாளர், சென்னை

பதில்: வீட்டில் மட்டும் நேர்கிறது என்பதே விடையைச் சொல்லிவிடுகிறது. விசையை அழுத்தியது ஒரு செய்தியாகவும், விட்டது வேறொரு செய்தியாகவும் வலையமைப்பில் போகின்றன. இணைப்பு தாமதமானால், விட்ட செய்தி வருவதற்குள் கெஸ்ட் ‘இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார்’ என்று கருதி, அந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப இடுகிறது. மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, அதன் விஎம்எக்ஸ் அமைப்புக் கோப்பில் ‘கீபோர்ட்.டைப்மேட்டிக்மின்டிலே’ என்ற வரியைச் சேர்த்து, 2000000 என்ற மதிப்பைக் கொடுங்கள். அது மைக்ரோ விநாடியில் உள்ள எண். இரண்டு விநாடி தொடர்ந்து அழுத்தினால் ஒழிய எழுத்து மீண்டும் விழாது. ஆனால், அன்றாட வேலைக்குக் கன்சோலையே நம்பியிருக்காமல், கெஸ்டுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் அல்லது எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைவதே நல்லது. கன்சோலை இயங்குதளம் எழாத நாளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாரிஸில் வசிக்கிறோம். கடையின் பழைய கணினியை என் மகன் ப்ராக்ஸ்மாக்ஸ் சேவையகத்துக்கு மாற்றினான். உலாவி வழியாகத் திறந்தால் விண்டோஸ் வருகிறது. சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் தவறு என்கிறது. பயனர் பெயரில் ‘ஏ’ தட்டினால் ‘க்யூ’ விழுகிறது.
— வாசகர், பாரிஸ்

பதில்: ஐயா, கடவுச்சொல் மாறவில்லை; அது இரண்டு முறை மொழிபெயர்க்கப்படுகிறது. பிரெஞ்சு விசைப்பலகையில் ‘ஏ’ இருக்கும் இடத்தில் ஆங்கில விசைப்பலகையில் ‘க்யூ’ இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. யாழ்ப்பாண வாசகிக்குச் சொன்னதற்கு மாறாக, விஎன்சி என்ற முறையில் இயங்கும் கன்சோல்கள் விசையின் இடத்தை அனுப்பாமல் ‘ஏ என்ற எழுத்து’ என்று அனுப்புவதுண்டு. சேவையகம் அதை ஆங்கிலத் தளவமைப்பின்படி மீண்டும் ஓர் இடமாக மாற்றுகிறது. கெஸ்டில் இருக்கும் விண்டோஸ், அந்த இடத்தைப் பிரெஞ்சுத் தளவமைப்பின்படி படித்து ‘க்யூ’ என்கிறது. எண்களிலும் இதே குழப்பம் நேரும். ஏனெனில் பிரெஞ்சு விசைப்பலகையின் மேல்வரிசையில் எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும், ஆங்கிலத்தில் வேண்டாம்.

ப்ராக்ஸ்மாக்ஸின் அமைப்பில் விசைப்பலகைத் தளவமைப்பைப் பிரெஞ்சு என்று மாற்றி, மெய்நிகர் கணினியை முழுமையாக நிறுத்தித் தொடங்கச் சொல்லுங்கள். உள்ளிருந்து மறுதொடக்கம் செய்வது போதாது. அல்லது காட்சி வகையை ஸ்பைஸ் என்று மாற்றினால், அது விசையின் இடத்தையே அனுப்புவதால் இந்த இரட்டை மொழிபெயர்ப்பே நேராது. கடவுச்சொல் தெரியாமல் மறைந்திருப்பதால், சோதனையைப் பயனர் பெயர்க் கட்டத்தில் செய்யுங்கள். அங்கே எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்ட பழைய உபுண்டு லினக்ஸ் மடிக்கணினியை ஹைப்பர்-வியில் இரண்டாம் தலைமுறை மெய்நிகர் கணினியாக மாற்றினேன். தொடக்கத்தில் வரும் க்ரப் பட்டியலில் அம்புக்குறிகள் வேலை செய்கின்றன. அடுத்து வட்டின் கடவுத்தொடரைக் கேட்கும்போது விசைகள் செத்துப்போகின்றன. மூல மடிக்கணினி இன்னும் என்னிடம் இருக்கிறது.
— பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: மடிக்கணினியை அழிக்காமல் வைத்திருப்பது மிக நல்லது. ஹைப்பர்-வியின் முதல் தலைமுறை மெய்நிகர் கணினிகள் 8042 சில்லை நடிக்கின்றன. இரண்டாம் தலைமுறையில் அந்தச் சில்லே கிடையாது. விசைகள் விஎம்பஸ் என்ற ஹைப்பர்-விக்கே உரிய வழியில்தான் வருகின்றன. க்ரப் இயங்கும்போது, கணினியை எழுப்பும் யூஇஎஃப்ஐ மென்பொருள் தன் சொந்த இயக்கியால் விசைகளைப் படித்துத் தருகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல் பொறுப்பேற்றதும் அந்த உதவி முடிந்துவிடுகிறது. அப்போது நினைவகத்தில் இருப்பது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தொடக்க அமைப்பு மட்டும். அதில் ‘ஹைப்பர்வி_கீபோர்ட்’ என்ற இயக்கி இல்லை. அந்த இயக்கியோ, இன்னும் திறக்கப்படாத வட்டுக்குள் பூட்டிக்கிடக்கிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியது போன்ற நிலை.

மூல மடிக்கணினியைத் தொடங்கி, ஈடிசி அடைவில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் என்பதன் கீழ் உள்ள ‘மாட்யூல்ஸ்’ கோப்பில் ‘ஹெச்வி_விஎம்பஸ்’, ‘ஹைப்பர்வி_கீபோர்ட்’ ஆகிய இரண்டையும் தனித்தனி வரியாகச் சேருங்கள். பிறகு நிர்வாகி உரிமையோடு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையை ‘-யூ’ என்ற தெரிவோடு இயக்கி, மறுபடி படியெடுங்கள். மடிக்கணினி கைவசம் இல்லாதவர்கள், புதிய உபுண்டுவின் நிறுவல் தட்டால் மெய்நிகர் கணினியைத் தொடங்கி, அங்கிருந்து வட்டைத் திறந்து, பழைய அமைப்புக்குள் க்ரூட் முறையில் (அதையே இயங்கும் அமைப்பாகக் கொண்டு) நுழைந்து இதே திருத்தத்தைச் செய்யலாம். ஃபெடோரா போன்ற வேறு லினக்ஸ் வகைகளில் தொடக்க அமைப்பைக் கட்டும் டிராகட், அந்தந்தக் கணினிக்குத் தேவையானவற்றை மட்டும் எடுத்து வைப்பதால், அங்கே வட்டின் இயக்கியும்கூட விடுபட்டுப்போகும். அதைப் பயன்படுத்துபவர்கள் க்ரப் பட்டியலில் உள்ள ‘ரெஸ்க்யூ’ வரியைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்; அது எல்லா வகைக் கணினிகளையும் கருதிக் கட்டப்பட்டது.

கேள்வி: வர்ச்சுவல்பாக்ஸ் மெய்நிகர் கணினிக்குள் வலது கன்ட்ரோல் விசை வேலை செய்யவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெளிக் கணினியின் திரைதான் வருகிறது.
— வங்கி ஊழியர், மதுரை

பதில்: இரண்டும் பழுது அல்ல. வலது கன்ட்ரோலை வர்ச்சுவல்பாக்ஸ் தன் சொந்தப் பயனுக்கு, அதாவது கெஸ்டிலிருந்து வெளியே வருவதற்கு, எடுத்துக்கொள்கிறது. அதன் விருப்பத்தேர்வுகளில், உள்ளீடு என்ற பிரிவில் ஹோஸ்ட் விசையாக வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் வலது கன்ட்ரோல் கெஸ்டுக்குக் கிடைத்துவிடும். மூன்று விசைச் சேர்க்கையை விண்டோஸ் ஹோஸ்ட் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் வர்ச்சுவல்பாக்ஸில் ஹோஸ்ட் விசையோடு டெலிட்டையும், விஎம்வேரில் கன்ட்ரோல், ஆல்ட்டோடு இன்சர்ட்டையும், ஹைப்பர்-வியில் கன்ட்ரோல், ஆல்ட்டோடு எண்டையும் அழுத்துங்கள்.